தேர்தல் செலவும் அரசு நிதியும்: இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி என்று கடலோர ஊர்களில் மீனவர் சங்கக் கூட்டங்களிலும் மகளிர் குழுக்களிலும் வாக்காளர் உரிமை குறித்துப் பேசி வருகிறேன். பேசி முடித்ததும் எழும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

1. தேர்தலுக்கு அரசே நிதி கொடுக்கிறதுன்னா என்ன? நம்ம வரிப்பணத்தைத் தூக்கிக் கட்சிக்காரங்க கையில கொடுக்கிறதா?

வேட்பாளரோ கட்சியோ பிரச்சாரத்துக்குச் செய்யும் செலவின் முழுமையையோ ஒரு பகுதியையோ பொதுப் பணத்திலிருந்து ஏற்றுக்கொள்வதுதான் அரசு நிதி எனப்படுகிறது. வாக்குச்சாவடி அமைப்பது, இயந்திரம் கொண்டுவருவது, ஊழியர்களுக்குப் படி கொடுப்பது ஆகியவை தேர்தலை நடத்தும் செலவு. அவற்றை அரசு எப்போதும் ஏற்றுவருகிறது. இங்கே பேசப்படுவது அதைப் பற்றியன்று.

கையில் பணமாகக் கொடுப்பது ஒரு முறை. எரிபொருள், தாள், ஒலிபெருக்கி, ஒளிபரப்பு நேரம் என்று பொருளாகவும் வசதியாகவும் கொடுப்பது இன்னொரு முறை. தேர்தலுக்குப் பின், வாங்கிய வாக்குகளின் அளவைப் பார்த்துச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது மூன்றாவது முறை. கனடாவில் ஒரு தொகுதி வேட்பாளர் பத்து சதவீத வாக்கைப் பெற்றால் அவருடைய தேர்தல் செலவில் 60 சதவீதம் திரும்பக் கிடைக்கிறது. இந்தியாவில் நடந்த ஆலோசனைகள் பெரும்பாலும் இரண்டாவது முறையையே சுற்றி வந்துள்ளன.

2. இப்பவே அரசு எதுவும் கொடுக்கலையா?

கொடுக்கிறது, அது நம் கண்ணில் படுவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் அகில இந்திய வானொலியிலும் இலவசப் பிரச்சார நேரம் ஒதுக்கப்படுகிறது. அந்தக் கட்சிகளின் வேட்பாளர்களுக்கு வாக்காளர் பட்டியல் இலவசமாகத் தரப்படுகிறது. ஒரு காலத்தில் கட்சிக்காரர்களே அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்த வாக்காளர் சீட்டை இப்போது வாக்குச்சாவடி நிலை அலுவலர் கொண்டுவந்து தருகிறார்.

இவற்றைவிடப் பெரிய உதவி வருமான வரி விலக்கு. கணக்கைப் பராமரித்து, தணிக்கை செய்து, நன்கொடை விவரத்தைத் தாக்கல் செய்யும் கட்சிக்கு நன்கொடை வருமானத்தின்மீது வரி கிடையாது. கட்சிக்கு வங்கி வழியாக நன்கொடை கொடுப்பவருக்கும் பழைய வரி முறையில் கழிவு உண்டு. வராமல் போகும் அந்த வரியும் பொதுப் பணம்தான்.

3. ஒரு வேட்பாளர் எவ்வளவுதான் செலவு பண்ணலாம்? அதை யார் பார்க்கிறாங்க?

2022 ஜனவரியில் உயர்த்தப்பட்ட வரம்பின்படி, தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாய், சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாய். இராமநாதபுரம் மக்களவைத் தொகுதி திருச்சுழி, அறந்தாங்கி வரை நீள்வது. 2024-இல் அதன் வாக்காளர்கள் 16 லட்சத்துக்கும் மேல். 95 லட்சத்தை அவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 6 ரூபாய்க்கும் குறைவாகவே வரும். பாம்பன் பாலத்தடியில் ஒரு தேநீர் குடிக்கக்கூட அது போதாது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் பல விடைகள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரையிலான செலவை வேட்பாளர் தனிக் கணக்காக எழுத வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு சொல்கிறது. முடிவு வந்த 30 நாளுக்குள் அந்தக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கும் தொடங்க வேண்டும். தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளரின் கீழ் இயங்கும் குழு, தான் கண்டதையும் வீடியோவில் பதிந்ததையும் வைத்து நிழல் பதிவேடு ஒன்றை எழுதி, வேட்பாளரின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

தீவுக்கும் கடற்கரைக் குடியிருப்புக்கும் படகில் பிரச்சாரம் போனால் படகு வாடகையும் டீசலும் கணக்கில் வர வேண்டும். ஆதரவாளர் தம் படகை வாடகை வாங்காமல் கொடுத்தாலும் அதன் சந்தை மதிப்பை எழுதத்தான் வேண்டும். மாலை, நாற்காலி, மதியச் சாப்பாடு ஆகியவற்றுக்கும் இதே விதிதான். மாவட்ட நிர்வாகம் கட்சிகளோடு பேசி ஒரு விலைப்பட்டியலை முன்கூட்டியே வெளியிடுகிறது.

4. அப்போ நாங்க கண்ணால பார்க்கிற செலவெல்லாம் கணக்குல ஏன் வரமாட்டேங்குது?

சட்டத்திலேயே பெரிய ஓட்டை இருக்கிறது. வேட்பாளருக்கு வரம்பு உண்டு, கட்சிக்கு வரம்பு இல்லை. 1974-இல் கன்வர் லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவருடைய கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த மை காயும் முன்பே சட்டத்தைத் திருத்தி, கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் வராது என்று ஆக்கிவிட்டார்கள். 2003-இல்தான் அந்த விலக்கு சுருக்கப்பட்டது. இப்போது, கட்சி பெயர்ப்பட்டியல் கொடுத்து அனுப்பும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும், குறிப்பிட்ட வேட்பாளரைச் சுட்டாத பொதுவான கட்சிப் பிரச்சாரமும் வேட்பாளர் கணக்கில் சேர்வதில்லை. அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு 40 நட்சத்திரப் பேச்சாளர்கள் வரையும், பிற பதிவுபெற்ற கட்சிக்கு 20 பேர் வரையும் அனுமதி உண்டு. அதே மேடையில் வேட்பாளர் ஏறினாலோ, அவர் பெயரும் படமும் தட்டியில் இருந்தாலோ அந்தக் கூட்டச் செலவில் அவர் பங்கு கணக்கில் ஏறும். தலைவர் பேசும்போது வேட்பாளர் சில இடங்களில் மேடைக்குக் கீழேயே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

அடுத்தது காலம். மனுத் தாக்கலுக்கு முன் செய்யும் செலவு பெரும்பாலும் இந்தக் கணக்கின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. முன்கூட்டியே வாங்கிய கொடியும் துண்டும் மனுத் தாக்கலுக்குப் பின் பயன்படுத்தப்பட்டால் கணக்கில் வரும். ஆறு மாதம் முன்பு திருவிழாவுக்கும் கபடிப் போட்டிக்கும் கொடுத்த நன்கொடை வராது. மூன்றாவதாக, வாக்குக்குக் கொடுக்கும் பணம். அதை எவரும் கணக்கில் எழுத மாட்டார்கள்.

பொய்க் கணக்குக்குத் தண்டனை இல்லாமல் இல்லை. கணக்கை உரிய முறையில் தாக்கல் செய்யாதவரை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10-ஏ பிரிவின் கீழ் மூன்றாண்டுகள் தகுதி நீக்கம் செய்யலாம். உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் உம்லேஷ் யாதவ், பத்திரிகையில் காசு கொடுத்துச் செய்தி வெளியிட்ட செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011 அக்டோபரில் இப்படித் தகுதி இழந்தார். ஆனால் அவர் வென்றது 2007-இல். பதவிக்காலம் பெரும்பாலும் கழிந்த பின்பு வரும் தண்டனைக்கு யார் அஞ்சுவார்?

5. கட்சிகளுக்குப் பணம் எங்கேருந்துதான் வருது?

உறுப்பினர் சந்தா, தனிநபர் நன்கொடை, நிறுவனங்களின் நன்கொடை, நன்கொடை திரட்டிக் கட்சிகளுக்குப் பிரித்துத் தரும் தேர்தல் அறக்கட்டளைகள் ஆகியவை கணக்கில் உள்ள வழிகள். இவற்றில் நிறுவன நன்கொடையின் வரலாறுதான் முக்கியமானது. 1969-இல் அது தடை செய்யப்பட்டது. தடை பணத்தை நிறுத்தவில்லை. மறைவாக ஓடச் செய்தது. 1985-இல் வரம்போடு மீண்டும் அனுமதித்தார்கள். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரை என்று வைத்தது. 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த வரம்பையே எடுத்துவிட்டது. லாபமே இல்லாத நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்ற நிலை வந்தது.

2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பாரத ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரையிலான பத்திரத்தை வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் யார் என்று வாக்காளருக்குத் தெரியாது. 2024 ஜனவரி வரை ஏறத்தாழ 16,518 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றன. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் அறியும் உரிமைக்கு இது எதிரானது என்று கூறித் திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. நிறுவனங்களுக்கான வரம்பை நீக்கிய திருத்தமும் அதோடு விழுந்தது.

6. பத்திரம் ரத்தானதோட பிரச்சினை தீர்ந்துடுச்சுல்ல?

தீரவில்லை. ஒருவர் ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால்தான் அவருடைய பெயரைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வரி விலக்கு கிடைக்காது என்று 2017 முதல் விதி உள்ளது. ஒரு பெருந்தொகையைப் பல சிறு தொகைகளாகவும் பல பெயர்களாகவும் பிரித்து எழுதுவதை இந்த இரண்டு விதிகளும் தடுப்பதில்லை.

7. அரசு நிதி கொடுத்தா எங்களுக்கு என்ன நல்லது? கட்சிக்காரங்களுக்குத்தானே லாபம்?

இதற்கு நம் தொழிலிலிருந்தே விடை சொல்ல முடியும். வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு, பிடித்த மீனை எங்கே கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அவரிடமே இறக்க வேண்டும். வெளியே நண்டுக்குக் கூடுதல் விலை போகிறது என்று தெரிந்தும் அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். கடன் அடையாத வரை எடை போடுவதும் அவரே, கழிவு பிடிப்பதும் அவரே. வியாபாரி கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. முன்பணத்தின் இயல்பே அப்படி.

தேர்தலில் நிற்பவரும் இப்படித்தான் முன்பணம் வாங்கிக் கரை இறங்குகிறார். மணல் எடுப்பவர், ஒப்பந்ததாரர், இறால் பண்ணை வைப்பவர், பெருநிறுவனம் என்று யார் கொடுத்திருந்தாலும், சட்டமன்றத்தில் அந்தத் தொழிலைப் பற்றிய கேள்வி வரும்போது அவர் வாய் யாருக்காகத் திறக்கும் என்பதை அந்த முன்பணம் தீர்மானித்துவிடுகிறது. எல்லாருடைய வரியிலிருந்தும் வரும் பணம் எந்த ஒரு வியாபாரிக்கும் கட்டுப்பட்டதாக இராது என்பதுதான் அரசு நிதிக்கான மையமான வாதம். பணம் இல்லாத நல்லவர் ஒருவர் துணிந்து நிற்க முடியும் என்பது அடுத்த வாதம். கரையோர ஊர்களிலிருந்து, அதுவும் பெண்களில் இருந்து, வேட்பாளராக வருபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

8. இதைப் பத்தி முன்னாடி யாராவது யோசிச்சிருக்காங்களா?

பலமுறை. 1990-இல் தினேஷ் கோஸ்வாமி குழு வாகன எரிபொருள், ஒலிபெருக்கி வாடகை, வாக்காளர் சீட்டு, பட்டியல் பிரதிகள் ஆகியவற்றைப் பொருளாகக் கொடுக்கலாம் என்றது. 1998-இல் அமைக்கப்பட்ட இந்திரஜித் குப்தா குழு இன்னும் விரிவாகப் போனது. கட்சிகளுக்கு இடவசதி, தொலைபேசி, வேட்பாளர்களுக்கு எரிபொருள், தாள், அஞ்சல் செலவு, ஒலிபெருக்கி என்று தருவதற்கு, வாக்காளர் ஒருவருக்கு 10 ரூபாய் என்ற கணக்கில் அப்போதிருந்த ஏறத்தாழ 60 கோடி வாக்காளர்களுக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 600 கோடி ஒதுக்க வேண்டும், மாநிலங்கள் சேர்ந்து அதே அளவு போட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

சட்ட ஆணையம் 2015-இல் அளித்த 255-ஆவது அறிக்கையில், முழுமையான அரசு நிதி இப்போதைக்கு இயலாது, பொருளாகவும் வசதியாகவும் தரும் உதவியை விரிவாக்கலாம் என்றது. தேர்தல் ஆணையத்துக்கு இதில் தயக்கம் உண்டு: அரசு கொடுப்பதற்கு மேல் வேட்பாளர் தம் கையிலிருந்து செலவழிப்பதைத் தடுக்க வழியில்லாமல் நிதி மட்டும் கொடுப்பது வீண் என்பது அதன் நிலைப்பாடு. குழுக்களின் பரிந்துரைகள் அலமாரியில் இருக்கின்றன.

9. எங்க ஊர்க்காரர் ஒருத்தர் சுயேச்சையா நிக்கிறார். அவருக்கும் கிடைக்குமா?

இந்திரஜித் குப்தா குழு சொன்னபடி என்றால் கிடைக்காது. அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகளுக்கு மட்டுமே என்றது அது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது: சுயேச்சைகளுக்கும் உண்டு என்றால் அந்தப் பணத்துக்காகவே மனுப் போடுவோர் பெருகுவார்கள். பதிவு மட்டும் பெற்றுத் தேர்தலில் நிற்காத கட்சிகளின் கதை ஓர் எச்சரிக்கை. அப்படிப்பட்ட 334 கட்சிகளைத் தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து நீக்க வேண்டி வந்தது.

ஆயினும் என் கருத்தில் அந்தக் கதவை முழுதாக அடைப்பது தவறு. ஏற்கெனவே வலுத்த கட்சிக்கே மேலும் வலுவைக் கொடுத்து, புதிதாய் வருபவரைக் கரையிலேயே நிறுத்திவிடும். வைப்புத்தொகையைத் திரும்பப் பெற ஆறில் ஒரு பங்கு வாக்கு என்று ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. அதைவிடக் குறைந்த ஓர் அளவைத் தொட்ட சுயேச்சைக்கும் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரலாம்; 1-ஆம் விடையில் சொன்ன கனடா முறை அத்தகையது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 2017 முதல் இன்னொரு முறை உள்ளது. நகரவாசிகளுக்குத் தலா 25 டாலர் மதிப்புள்ள நான்கு சீட்டுகள் தரப்படுகின்றன. அவற்றை அவர்கள் தமக்குப் பிடித்த வேட்பாளருக்குக் கொடுக்கிறார்கள். யாருக்குப் பணம் போக வேண்டும் என்பதைக் கட்சி அலுவலகம் முடிவு செய்வதில்லை, வாக்காளர் முடிவு செய்கிறார்.

10. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில எப்படி?

இராமேசுவரத்தில் இதைக் கேட்காத கூட்டம் இல்லை. இலங்கையில் நெடுங்காலம் பிரச்சாரச் செலவுக்கு வரம்பே இல்லாதிருந்து, 2023-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 இலங்கை ரூபாய் என்று தேர்தல் ஆணைக்குழு உச்ச அளவு வைத்தது. நம்முடையது தொகுதிக்கு ஒரே தொகை, அவர்களுடையது தலைக்கணக்கு. வாக்காளர் தொகைக்கேற்ப ஏறி இறங்குவதால் தலைக்கணக்கு முறை எனக்கு நியாயமாகப் படுகிறது.

11. தடைக்காலத்துல அரசு நிவாரணம் கொடுக்குது. கட்சிக்காரரும் பணம் கொடுக்கிறார். ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் சட்டப்படி அறிவிக்கப்பட்ட திட்டம். யாருக்கு வாக்களித்தீர்கள் என்று பாராமல் தகுதியுள்ள எல்லாருக்கும், வங்கிக் கணக்கில், பதிவோடு வருகிறது. தேர்தல் நேரத்திலும் நடப்புத் திட்டம் தொடரலாம். புதிய அறிவிப்பும் அமைச்சர் கையால் வழங்கும் விழாவும்தான் நடத்தை விதிகளால் தடுக்கப்படுகின்றன. தேர்தல் அறிக்கையில் இலவசப் பொருள் தருவதாகச் சொல்வது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013-இல் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அத்தகைய வாக்குறுதி சமமான போட்டியைக் குலைக்கும் என்றும் சொல்லி, தேர்தல் ஆணையம் வழிகாட்டுதல் வகுக்கப் பணித்தது.

கவரில் வரும் பணம் வேறு. அது குறிப்பிட்ட வாக்குக்காகக் குறிப்பிட்ட ஆளிடம் கொடுக்கப்படும் விலை.

12. அது நம்மகிட்டருந்து அடிச்ச காசுதானே? வாங்கிக்கிட்டா என்ன தப்பு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் குறைத்து எண்ணுவதில்லை. விசைப்படகுகளுக்கான 61 நாள் தடை ஏப்ரல் 15 அன்று தொடங்குகிறது. 2019-இல் நம் வாக்குப்பதிவு ஏப்ரல் 18; 2024-இல் ஏப்ரல் 19. படகு கரையில் ஏறி, கடன்காரர் வாசலில் நிற்கத் தொடங்கும் அதே வாரத்தில் கவர் வருகிறது. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய தாய் அந்தக் கவரை வாங்கினார் என்றால், அவரைப் பார்த்து ஒழுக்கம் பேச எனக்கு மனம் வராது. ஆனால் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173 பிரிவுகளின்படி கொடுப்பதும் லஞ்சம், வாங்குவதும் லஞ்சம். ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

‘நம்மகிட்டருந்து அடிச்ச காசு’ என்பதை ஒரு கணம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். 3-ஆம் விடையில் பார்த்த கணக்கின்படி சட்டப்படியான செலவு தலைக்கு 6 ரூபாய்கூட இல்லை. தலைக்கு சில நூறு ரூபாய் கொடுப்பவர் வரம்பைப் போலப் பல மடங்கை எங்கிருந்தோ முன்பணமாக வாங்கியிருக்கிறார். அதை ஐந்தாண்டில் திருப்ப வேண்டும். துறைமுகத்தில் கட்டாமல் போகும் அலைத்தடுப்புச் சுவரிலும், பாதி ஆழத்தில் நிற்கும் தூர்வாரும் பணியிலும்தான் அது திரும்பும். பழைய திருட்டில் நமக்கொரு பங்கு என்று நினைத்து வாங்குவது உண்மையில் வரப்போகும் திருட்டுக்கான அச்சாரம்.

பணப் பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டு வேறு நாளில் நடத்தப்பட்டன. நான்கும் தமிழ்நாட்டில் நடந்தவை என்பதை நினைக்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

13. வாங்கிட்டு மாத்திப் போட்டா அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?

தனி ஆளின் வாக்கு எவருக்கும் தெரியாது. போட்ட வாக்கை அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரியும் சீட்டை நீங்கள் மட்டுமே பார்க்கிறீர்கள். அதில் உங்கள் பெயர் இல்லை. ‘கணினியில் பார்த்துவிடுவோம்’ என்று மிரட்டுவது பொய்.

ஆனால் வாக்குச்சாவடி வாரியான எண்ணிக்கை படிவம் 20-இல் வெளியாகிறது. ஒரு குப்பம் முழுவதும் ஒரே சாவடியில் வாக்களிக்கும் கரையோரத்தில் இது சிறிய விஷயமில்லை. அந்தச் சாவடியில் தமக்கு எத்தனை விழுந்தது என்று பார்த்து, ஊருக்கே சாலை வராது, குடிநீர் வராது என்று வஞ்சம் வைக்க முடியும். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரங்களிலும் பல சாவடிகளின் வாக்கைச் சேர்த்தே காட்டும் டோட்டலைசர் கருவியை 2008-இல் தேர்தல் ஆணையம் முன்மொழிந்தது. 8-ஆம் விடையில் சொன்ன சட்ட ஆணைய அறிக்கையும் ஆதரித்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. செலவுச் சீர்திருத்தம் பேசுவோர் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பேன், ஏனெனில் ஊர் மொத்தத்துக்கும் பணம் கொடுப்பவருக்கு வேலை நடந்ததா என்று சரிபார்க்கும் ரசீதாக அந்தப் படிவம் பயன்படுகிறது.

14. மீன் வித்த காசைப் பறக்கும் படை பிடிச்சிருச்சு. எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறாங்க?

அதிகாலை ஏலம் முடிந்து ரொக்கத்தோடு வண்டியில் வரும் சிறு வியாபாரிகள் சோதனைச் சாவடியில் நிறுத்தப்படுவது ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு கருவாட்டு வியாபாரி மூன்று நாள் அலைந்துதான் தம் பணத்தை மீட்டார். அந்த மூன்று நாளும் அவருக்கு வியாபாரம் இல்லை. பெரும்பணம் எந்த வழியாகப் போகிறதோ, அகப்படுவது பெரும்பாலும் இவர்கள்தான் என்ற மனக்குறையில் நியாயம் உண்டு.

செய்ய வேண்டியது இது. 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டு போனால் வங்கியில் எடுத்த சான்று, ஏலச் சீட்டு, கமிஷன் கடை ரசீது, படகுப் பதிவு நகல் ஆகியவற்றில் உள்ளதைக் கையில் வையுங்கள். பறிமுதல் செய்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் மூன்று அலுவலர்கள் கொண்ட குறைதீர் குழு இருக்கிறது; முறையீடு செய்யும் வழியை அந்தப் பறிமுதல் ஆவணத்திலேயே எழுதித் தர வேண்டும். வேட்பாளரோடும் கட்சியோடும் தொடர்பில்லாத, வழக்குப் பதியப்படாத பணத்தை அந்தக் குழு விடுவிக்க வேண்டும். வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 10 லட்சத்துக்கு மேல் என்றால் வருமான வரித் துறைக்குத் தகவல் போகும்.

15. பஞ்சாயத்துத் தேர்தலுக்கும் இதெல்லாம் உண்டா? எங்க ஊர்ல பதவியை ஏலம் விட்டுக் கோயிலுக்குப் பணம் வாங்குறாங்களே?

உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது, வரம்பு தனி. 2019 தேர்தலில் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கு 34,000 ரூபாய் என்று இருந்தது. பதவியை ஏலம் விடுவது, பணம் கோயிலுக்குப் போனாலும் பள்ளிவாசலுக்குப் போனாலும் தேவாலயத்துக்குப் போனாலும், குற்றமே. ஒருவரைப் போட்டியிலிருந்து விலகச் செய்யப் பணம் கொடுப்பதும் 12-ஆம் விடையில் சொன்ன லஞ்சப் பிரிவில் அடங்கும்.

16. அரசு பணம் கொடுத்தா கறுப்புப் பணம் நின்னுடுமா? ரெண்டையும் வாங்கிக்கிட்டா?

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது இது. தனியாக அரசு நிதி மட்டும் வந்தால் நிற்காது என்பதே நேர்மையான விடை. ஒரு பக்கம் அரசின் பணம், மறுபக்கம் வியாபாரியின் முன்பணம் என்று இரண்டு வலையிலும் மீன் பிடிப்பார்கள்.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் வருமான வரிப் படிவத்தில் மக்கள் விரும்பிக் குறித்தால் 3 டாலர் அதிபர் தேர்தல் நிதிக்குப் போகும்; அதை வாங்கும் வேட்பாளர் செலவு வரம்பை ஏற்க வேண்டும். 2008-இல் பராக் ஒபாமா பொதுத்தேர்தல் கட்டத்துக்கான அந்த நிதியை வேண்டாம் என்று தாமே பெருந்தொகை திரட்டினார். அதன்பின் அந்த ஏற்பாடு பெயரளவுக்கே நிற்கிறது. தனியார் பணத்துக்கு எல்லை இல்லாத இடத்தில் அரசு நிதி தோற்கிறது. ஜெர்மனியில் வேறு வழி: ஒரு கட்சி சந்தாவாகவும் நன்கொடையாகவும் தானே திரட்டும் தொகைக்கு மேல் அரசு கொடுக்காது. மக்களிடம் கையேந்தி நடக்க வேண்டிய தேவை கட்சிக்கு அப்படியே இருக்கிறது.

ஆகவே வரிசை முக்கியம் என்பது என் முடிவு. முதலில் கட்சியின் செலவுக்கும் வரம்பு வைக்க வேண்டும். 4-ஆம் விடையில் சொன்ன ஓட்டையை அடைக்காமல் வேறு எதுவும் பயன் தராது. கூடவே ஒவ்வொரு ரூபாய் நன்கொடைக்கும் பெயர் வேண்டும், கட்சி தேர்ந்தெடுக்காத தணிக்கையாளர் வேண்டும். அதன்பின் பொருளாக உதவி. அது சரியாக நடந்தால் வாக்குக்கேற்பப் பணமாகத் திருப்பித் தருவது. தலைகீழாகத் தொடங்கினால் மக்கள் பணமும் போய், முன்பணக்காரரும் அப்படியே இருப்பார்.

17. சட்டம் மாறுறவரைக்கும் எங்களால ஆகுறது ஏதாவது இருக்கா?

இருக்கிறது. பட்டுவாடாவைக் கண்டால் 1950 என்ற தொலைபேசி எண்ணிலோ தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியிலோ புகார் செய்யலாம். செயலியில் பெயரைச் சொல்லாமலும் படம் அனுப்பலாம், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் உறுதி.

பலருக்குத் தெரியாத உரிமை இன்னொன்று. வேட்பாளர் தாக்கல் செய்த செலவுக் கணக்கை, 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தும் விதிகளின் 88-ஆவது விதியின்படி, ஒரு ரூபாய் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். கட்டணம் செலுத்தி நகலும் பெறலாம். முடிவு வந்து 30 நாள் கழிந்ததும் உங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள தேர்தல் பிரிவுக்குச் செல்லுங்கள். உங்கள் ஊருக்கு எந்தத் தேதியில் யார் வந்தார், எத்தனை வண்டி, எத்தனை படகு, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்பதைப் பிரச்சார நாட்களிலேயே ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால், அந்த நோட்டைக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். விடுபட்ட செலவு இருந்தால் மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுப் போடத் தொகுதியின் எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு என்பதால், அந்த முதல் 30 நாளுக்கும் 45 நாளுக்கும் இடையிலுள்ள இரண்டு வாரத்தைத் தவற விடாதீர்கள்.